கை நனைக்காமல் கணவாய் தாண்டியது

கிருஷ்ணப்பனுக்குப் பசி தாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் களி, வெயில் ஏறினால் கூழ், பொழுது சாய்ந்தால் மறுபடியும் களி என்று வயிற்றுக்கு வஞ்சனை இல்லாமல் வளர்ந்த உடம்பு. ஒரு வேளை தப்பினால் காது அடைக்கும், கண் இருட்டும், எதிரில் நிற்கிறவர் மேல் எரிந்து விழுவான். அப்பேர்ப்பட்டவன், யுத்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று வீட்டு விருந்து மூக்குக்கு முன்னால் ஆவி பறக்க, ஒரு பருக்கைகூட வாயில் போடாமல் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினான். யாரும் அவனைப் பட்டினி போடவில்லை. அதுதான் கொடுமை.

எல்லாம் தீர்த்தம்மாளுக்காக. கணவாய்க்கு அந்தப் பக்கம் மலை இறங்கியதும் வருகிற ஊரில் புளி வியாபாரம் செய்யும் சின்னக்கண்ணுவின் மகள் அவள். பொம்மிடி ஸ்டேஷனில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் கிருஷ்ணப்பன் அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தான். இவன் கம்பைநல்லூரிலிருந்து நிலக்கடலை மூட்டை கொண்டுபோயிருந்தான். அவள் அப்பனோடு புளி மூட்டைக்குக் காவலாக வந்திருந்தாள். எடை போடுகிறவன் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அவள் கிட்டே போய், "வெரலையும் சேத்துத்தானே நிறுத்தீங்க? அப்ப அதையும் வெட்டி மூட்டைக்குள்ள போட்டுருங்க" என்றாள். எடைக்காரன் விரலை எடுத்தான். கிருஷ்ணப்பனுக்கு அன்றிலிருந்து வேறு எந்தப் பெண்ணும் பெண்ணாகத் தெரியவில்லை.

ஆள் விட்டுக் கேட்டார்கள். சின்னக்கண்ணு சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து பேசினால் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை சேலத்துப் பக்கமிருந்து வேறு கூட்டம் வருகிறது, வந்தால் அவர்களுக்கே முடித்துவிடுவோம் என்று. கிருஷ்ணப்பனுக்கு அப்பா இல்லை. அப்பா வழிப் பங்காளிகளோடு வரப்புச் சண்டை. ஆகவே காரியம் முழுக்கத் தாய்மாமன் மாதப்பன் கைக்குப் போனது. கிருஷ்ணப்பனுக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாத காலம் அது. பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. தருமபுரி ஹயாத் பாஷா தன் காருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, வருகிற வாயுவில் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடும். ஆனால் கொஞ்ச தூரம் ஓடியதும் நிற்க வேண்டும். சாம்பலைச் சுரண்ட வேண்டும், கரி போட வேண்டும், தண்ணீர் ஊற்றிச் சூடு ஆற்ற வேண்டும்.

"போற வழியில மூணு எடத்துலயாவது நிறுத்தணுமுங்க" என்றார் பாஷா. "எங்கேன்னு நீங்களே சொல்லிருங்க. நெனச்ச எடத்துல நிறுத்துனா புலி வந்து கரி போடாது."

இந்த இடத்தில் அந்தப் பக்கத்துச் சனங்களின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம். தட்டு மாற்றுவதும் நாள் குறிப்பதும் அப்புறம் ஊருக்காகச் செய்கிற சடங்குதான். இலையில் உட்கார்ந்து ஒரு வாய் தின்றுவிட்டு, பெண் பிடிக்கவில்லை என்று எழுந்தவனுக்கு அந்த வட்டாரத்தில் அப்புறம் பெண்ணும் கிடைக்காது, சவரம் பண்ண ஆளும் கிடைக்காது. பெண் வீட்டாருக்கும் இதே வசதி உண்டு. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இலை போட மாட்டார்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் புரிந்துகொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

ஆகையால் வழியில் எங்கே இறங்கிச் சாப்பிடுவது என்பது விளையாட்டுக் காரியமில்லை. கட்டிக்கொள்கிற முறையில் பெண் இருக்கிற வீடு என்றால் வம்பு. பங்காளி வீடு என்றால் பயமே இல்லை. அங்கே இருக்கிற பெண்ணெல்லாம் அக்கா தங்கை. வயிறு முட்டத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு வரலாம்.

மாதப்பன் உறவுமுறை சொல்வதில் சூரர். யாருக்கு யார் என்ன முறை என்று சண்டை வந்தால் பஞ்சாயத்தார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்.

"மொதல்ல அரூர் தாண்டி செல்லன் வூடு. பங்காளி. அடுத்தது அடிவாரத்துல சின்னக்கா வூடு. அவ புருசன் பங்காளி. செத்துட்டான், ஆனா செத்தாலும் பங்காளி பங்காளிதான். மூணாவது கணவாயில காளியப்பன். அவனும் பங்காளி. மூணு வூட்லயும் வயசுப் பொண்ணுங்க இருக்குது. இருந்தா நமக்கென்னா? எல்லாம் நம்ம வூட்டுப் பொண்ணுங்க."

"எங்கண்ணன் சொன்னா அதுல ஒரு பிசகு இருக்குமா?" என்றாள் கிருஷ்ணப்பனின் அம்மா பெரியம்மாள், பெருமையாக.

கிருஷ்ணப்பன் தலையை ஆட்டினான். அவனுக்குத் தீர்த்தம்மாள் தவிர வேறு எதையும் யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை. மூன்று வீட்டுக்கும் புளி வண்டிக்காரர்களிடம், வெள்ளிக்கிழமை காரில் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியும் ஆகிவிட்டது. வழியில்தான் விருந்து காத்திருக்கிறதே என்று புறப்படும்போது வீட்டில் யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

செல்லன் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பங்காளி வீட்டுக்கு எதற்கு வாழைமரம் என்று கிருஷ்ணப்பன் யோசித்துக்கொண்டே இறங்கினான். உள்ளேயிருந்து பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு வேகிற வாசனை நெய்யோடு சேர்ந்து வந்து நெஞ்சில் மோதியது.

"வாங்க மாப்ளே!" என்றார் செல்லன்.

கிருஷ்ணப்பன் ஒரு காலைக் காரிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி நின்றுவிட்டான். மாப்பிள்ளையா? கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டது. அவன் மெதுவாக மாமனைத் திரும்பிப் பார்த்தான். மாதப்பனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தன் பங்காளி. தன் தங்கச்சிக்கு அண்ணன். அப்படியென்றால் தங்கச்சி மகனுக்கு மாமன். மாமன் மகள் என்றால்?

"அட கடவுளே" என்றார் மாதப்பன், வாய்க்குள்ளேயே.

சூரர் கணக்கையெல்லாம் தன்னிலிருந்து போட்டிருந்தார். அவருக்குச் செல்லன் பங்காளிதான், பெண் மகள் முறைதான். ஆனால் கல்யாணம் அவருக்கு இல்லையே! கிருஷ்ணப்பனுக்கு அந்தப் பெண் அசல் முறைப்பெண். மாதப்பனுக்குப் பிறந்ததெல்லாம் பையன்கள் என்பதால், அந்த வம்சத்தில் கிருஷ்ணப்பனுக்கு உரிமையுள்ள பெண்கள் என்றால் இந்த வீடுகளில்தான் இருந்தார்கள். எது நடக்கக் கூடாதோ அதை ஊர் ஊராகத் தேடிப் பொறுக்கி எடுத்திருந்தார் மனிதர். பட்டு வேட்டி, வெற்றிலைத் தட்டு, கார், கூட அம்மாவும் தாய்மாமனும். வந்தவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று செல்லனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. முறைப்பெண் இருக்கிற வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இளைப்பாறிவிட்டு அந்நியத்தில் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால், விருந்துக்குப் பதிலாக உலக்கை வரும்.

"பையனுக்கு வெரதம்" என்றார் மாதப்பன்.

"அதுக்கென்னாங்க, பாலும் பழமும் வெரதத்துல சேத்தி" என்று செல்லன் சம்சாரம் ஒரு சொம்புப் பாலையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"பச்சத்தண்ணிகூடப் படாத வெரதம்."

"எந்தச் சாமிக்குங்க?"

மாதப்பனுக்குச் சட்டென்று ஒரு சாமியும் ஞாபகத்துக்கு வரவில்லை. "எல்லாச் சாமிக்கும்" என்றார்.

"அவருக்கு வெரதம். நீங்க ரெண்டு பேரும் சாப்புடுங்க."

பெரியவர்கள் கை நனைத்தாலும் அதே சட்டம்தான். "எங்களுக்கும் வெரதம்" என்றாள் பெரியம்மாள், பாத்திரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வேப்பமரத்தடியில் ஹயாத் பாஷாவுக்கு மட்டும் எந்த விரதமும் இல்லை. அவருக்கு ஒரு வாழை இலை, அதில் ஒப்புட்டு, மேலே நெய். அவர் கண்ணை மூடி, மெதுவாக, ஒவ்வொரு விள்ளலுக்கும் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார். கிருஷ்ணப்பன் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனிதரை அவனுக்கு அன்றைக்கு வரைக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கார் கிளம்பியதும் பெரியம்மாள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணா இது? அடுத்த வூடு?"

"கொஞ்சம் இரு. சின்னக்கா புருசன் எனக்குப் பங்காளி…" மாதப்பன் விரல் விட்டார். மடக்கினார். மறுபடியும் விட்டார். அப்புறம் விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டு, வெளியே மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நிறுத்தாம போயிரலாம் பாய்" என்றான் கிருஷ்ணப்பன்.

"நான் போயிருவேன் தம்பி. கார் போவாதே" என்றார் பாஷா, ஒரு ஏப்பத்தோடு.

அடிவாரத்தில் கார் சின்னக்கா வீட்டு முன்னாலேயே இருமி நின்றது. இந்தத் தடவை மாதப்பன் முந்திக்கொண்டார். விரதம் என்றால் பாலும் பழமும் வருகிறது. நோய் என்றால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். "பையனுக்கு வயித்து நோவும்மா. ஒண்ணும் சாப்புடக் கூடாது" என்றார்.

சின்னக்கா அந்த அடிவாரத்துக்கே மருத்துவச்சி என்பதை எல்லாப் பங்காளிகளும் அறிவார்கள். மாதப்பனும் அறிவார். அந்த நேரத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

"எம் மருமவனுக்கா நோவு?" என்று அவள் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினாள். ஓமம், சுக்கு, இன்னும் என்னென்னவோ இடித்து ஒரு கஷாயம் தயாரானது. கிருஷ்ணப்பனுக்கு அந்தக் கஷாயமே அமிர்தமாகத் தெரிந்தது. கையை நீட்டினான். மாதப்பன் அவன் தொடையைக் கிள்ளினார்.

"மருந்துதானே மாமா?" என்றான், கெஞ்சலாக.

"தொண்டைக்குள்ள எறங்குறது எதுவா இருந்தாலும் சாப்பாடுதான்டா. பேசாம இரு."

கிருஷ்ணப்பன் வாயை மூடிக்கொண்டான். சின்னக்கா டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள்; அவன் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்தாள், அப்போதும் பல்லைத் திறக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை எடுத்துவந்தாள். மீசை வைத்த ஆண்பிள்ளை, பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, காரைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பின்னால் பாலாடையோடு சின்னக்கா. சன்னலோரம் நின்ற அவள் மகள், பார்க்க வந்த மாப்பிள்ளையை நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

"பல்லு கட்டிக்கிச்சு!" என்று சின்னக்கா அலறினாள். "ஜன்னி கண்டுருச்சு! மஞ்சக்கெழங்கைச் சுட்டு நெத்தியில சூடு போட்டாத்தான் தெறக்கும்!"

கரி போட்டு முடித்த பாஷா அப்போதுதான் மூன்றாவது பணியாரத்தைக் கையில் எடுத்திருந்தார். அடுப்பில் மஞ்சள் கிழங்கு சிவப்பதைப் பார்த்ததும், பணியாரத்தைத் துறந்துவிட்டு வந்து காரைக் கிளப்பினார். அந்தத் தியாகத்தைக் கிருஷ்ணப்பன் சாகும்வரை மறக்கவில்லை.

கணவாய் ஏறியது சாலை. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறு பக்கம் சித்தேரி மலை. நடுவில் கார் முனகிக்கொண்டு போனது. கிருஷ்ணப்பனுக்குக் காது அடைத்துவிட்டது. மலையெல்லாம் அவனுக்கு யாரோ உருட்டி வைத்த களியாகத் தெரிந்தது. பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வீடு. அதைத் தாண்டிவிட்டால் தீர்த்தம்மாள்.

"காளியப்பன் வூட்டுல நாம எறங்கவே வேணாம்" என்று மாதப்பன் புதிதாக ஒரு யோசனை சொன்னார். "ஓடைக்கிட்டயே நிறுத்து பாய். வூட்டுக்கு முன்னால வேணாம்."

ஓடைக்கு அருகில் காளியப்பன் மேளக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். காரின் புகை அடிவாரத்திலிருந்தே தெரிந்ததாம்.

ஆனால் காளியப்பன் தங்கமான மனிதராக இருந்தார். விரதம் என்றதும் ஒத்துக்கொண்டார். நோவு என்றதும் ஐயோ பாவம் என்றார். வீட்டுப் பக்கமிருந்து விருந்து மணத்தாலும், இலை போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க சாப்புடாட்டிப் போவுது, களைச்சு வந்த வண்டியையாச்சும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தன் ஆட்களைக் கூப்பிட்டார். யுத்தம் வந்ததிலிருந்து அவருக்குக் கரி மூட்டம் போடுகிற தொழில். நல்ல வேலமரத்துக் கரியாகப் பார்த்து உருளை நிறையக் கொட்டினார்கள். ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தான்.

கார் வயிறு நிறைந்து உறுமியதும் காளியப்பன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கெட்டி மேளம் முழங்கியது.

"கை நனைச்சாச்சு! ரொம்ப சந்தோசம் மாப்ளே" என்றார்.

"யாரு நனைச்சா?" என்று கத்தினார் மாதப்பன்.

"உங்க வண்டி. எங்க வூட்டுக் கரியைத் தின்னு, எங்க வூட்டுத் தண்ணியைக் குடிச்சிருச்சு."

"வண்டி தின்னா கணக்கா? என்னாய்யா நியாயம் இது?"

"நீங்க சொன்ன நியாயந்தானுங்க. அன்னிக்கு ஆலமரத்தடிப் பஞ்சாயத்துல, பொண்ணு பாக்க வந்தவங்க வண்டிமாடு எங்க மச்சான் வூட்டு வைக்கோலைத் தின்னுருச்சு. மாடு தின்னாலும் சம்மதம்தான், வேணாம்னா வைக்கோலைக் கூடவே கட்டிக்கிட்டு வந்துருக்கணும்னு தீர்ப்புச் சொன்னது யாரு?"

சொன்னது மாதப்பன்தான். அதற்காக ஊரில் மாலைகூடப் போட்டார்கள்.

ஓடைக்கரையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. வைக்கோல் என்பது தீனி, கரி என்பது எரிபொருள் என்றான் ஒருவன். தின்று புகை விடுகிறதே, அப்புறம் என்ன வித்தியாசம் என்றான் இன்னொருவன். தண்ணீர் குடித்ததில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. கிருஷ்ணப்பனுக்கு எல்லாச் சத்தமும் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. இவ்வளவு தூரம் ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் வந்து, கடைசியில் ஒரு இரும்பு உருளை தின்றதற்காக யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தோன்றியது. கல்லின் மேல் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதான். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது ஹயாத் பாஷா கரியடித்த கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"ஒரு சந்தேகமுங்க. மாடு தின்னா மாட்டுக்காரன்தானே மாப்ளே?"

"ஆமா" என்றார் காளியப்பன், வேகமாக.

"அப்ப கார் தின்னா கார்க்காரன்தானே?"

"ஆமா."

"கார் என்னோடதுங்க. இவங்க வாடகைக்கு வந்தவங்க." பாஷா வெட்கப்பட்டுக்கொண்டே தொப்பியைச் சரிசெய்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா தருமபுரியில அக்தர் பேகம்னு எனக்கு ஒரு சம்சாரம் இருக்குது. அவகிட்ட ஒரு வார்த்தை நீங்கதான் வந்து கேக்கணும். நான் கேக்க மாட்டேன், எனக்குப் பயம்."

காளியப்பன் முகம் கரியைவிடக் கறுத்தது.

"அப்ப தின்னதைக் கக்கச் சொல்லுங்க" என்றார்.

கக்க வைத்தார்கள். எரிகிற கரியை உருளையிலிருந்து சுரண்டித் தரையில் கொட்டினார்கள். ஊற்றிய தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். கார் செத்த எருமை மாதிரி நின்றது. கணவாயின் உச்சி இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தது; அதற்கப்புறம் ஊர்வரைக்கும் இறக்கம். பெரியம்மாள், மாதப்பன், கிருஷ்ணப்பன் மூன்று பேரும் காலி வயிற்றோடு காரைத் தள்ளினார்கள். பாஷா ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருத்தர் வேண்டுமே என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஒப்புட்டோடும் பணியாரத்தோடும் சேர்ந்து அவரும்தான் கனத்தார். உச்சியில் கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு தானாக உருள ஆரம்பித்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். சத்தமும் இல்லாமல் புகையும் இல்லாமல், மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் சின்னக்கண்ணு வீட்டு வைக்கோல் போரில் முட்டி நின்றது.

கார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், கரி கொட்டும்போது பாஷாவிடம் வழிக் கதையெல்லாம் கேட்டு வைத்திருந்த காளியப்பனின் ஆள் ஒருவன், ஒற்றையடிப் பாதையில் குறுக்கே இறங்கி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சின்னக்கண்ணு வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார். உட்காருங்க என்றார். தண்ணீர் கொடுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொல்லவில்லை.

"எல்லாம் கேள்விப்பட்டேனுங்க" என்றார். "பையனுக்குப் பல்லு கட்டிக்கிச்சாம். பச்சத்தண்ணி படாத வெரதமாம். வயித்துல தீராத நோவாம். கணவாயில காருக்கு வேற நிச்சயம் ஆயி முறிஞ்சு போச்சாம். எம் பொண்ணு சாதாரண வூட்டுப் பொண்ணுங்க. இத்தனையும் தாங்காது."

"அது வந்துங்க…" என்று மாதப்பன் ஆரம்பித்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தன் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினார். கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு சம்சாரம். இரண்டாவது சம்சாரத்தின் தம்பி வரைக்கும் வந்தபோது, யார் யாருக்குப் பங்காளி என்று அவருக்கே பிடிபடவில்லை. நாக்கு உலர்ந்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளே களி கிண்டுகிற சத்தம் கேட்டது. அவரைக்கொட்டைக் குழம்பு கொதிக்கிற மணம் வந்தது. யாரும் இலை அறுக்கப் போகவில்லை. பெரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாப்பா, போலாம்" என்றாள். மாதப்பனும் துண்டை உதறினார்.

கிருஷ்ணப்பன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் காலில் தெம்பும் இல்லை. அதைவிட, எழுந்துவிட்டால் முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

களிக்கோலைக் கையில் பிடித்தபடியே தீர்த்தம்மாள் நிலைப்படிக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் அடுப்பு வேர்வை. ஸ்டேஷனில் எடைக்காரனைப் பார்த்த அதே பார்வை.

"மூணு வூட்லயும் விருந்து பண்ணி வெச்சிருந்தாங்களாமே" என்றாள். "ஏன் சாப்புடலை?"

பல் கட்டிக்கொண்டவன் என்று பெயர் வாங்கியவன் வாயைத் திறந்தான். "இந்த வூட்ல சாப்புடணும்னு வந்தேன்" என்றான்.

தீர்த்தம்மாள் உள்ளே போய்விட்டாள். போய்விட்டாள், அவ்வளவுதான் என்று கிருஷ்ணப்பன் நினைத்தான். வயிற்றைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. பெரியம்மாள் அவன் தோளைத் தொட்டாள்.

தீர்த்தம்மாள் திரும்பி வந்தபோது ஒரு கையில் இலை இருந்தது. அவன் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். மறு கையிலிருந்த வட்டிலிலிருந்து ஒரு உருண்டை களியை எடுத்து வைத்தாள். ஆவி பறந்தது.

"காட்டு வேலைக்கு வந்தவங்களுக்குக் கிண்டுனது. ஒப்புட்டெல்லாம் இல்லை" என்றாள்.

"தீர்த்தா!" என்றார் சின்னக்கண்ணு.

அவள் அப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பன் கையை இலைக்கு மேலே கொண்டுபோனான். காலையிலிருந்து அத்தனை வீட்டிலும் அடக்கிவைத்த கை அது. இப்போது இலைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. பெற்றவர் வார்த்தை இல்லாமல் தின்றால் அது திருட்டு. நிமிர்ந்து சின்னக்கண்ணுவைப் பார்த்தான். கேட்க வேறு வார்த்தை அவனிடம் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

சின்னக்கண்ணு இலையைப் பார்த்தார். அந்தரத்தில் நிற்கிற கையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் நகராமல் நின்றாள். வேலிப்பக்கம் போகிற ஆட்கள்கூட நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யார்மேலோ கோபம் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெறுங்களியை எப்பிடிம்மா முழுங்குவான்?" என்றார். "கொழம்பை ஊத்து."